முகாம் குடும்பங்களின் பெயரைப் பதிவேட்டில் எழுதுங்கள்: எங்கள் சேகரக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சேகரகுரு (சபைப் போதகர்) ஐயா அவர்களுக்கும், நம் சேகரத்தை நிர்வகிக்கிற சேகரக் கமிட்டி அங்கத்தினர்களுக்கும், பெண்கள் ஐக்கிய சங்கத்தாருக்கும், வாலிபர் ஐக்கியத்தாருக்கும், சபையார் எல்லாருக்கும் கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

அடுத்த ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டம் கமிட்டி முன்னால் வரப்போகிறது. சமூக ஊழியம் என்ற தலைப்பில் வழக்கம்போல ஒரு தொகை ஒதுக்குவீர்கள். அதில் பெரும்பகுதி டிசம்பர் மாதத்தில் இலங்கைத் தமிழர் முகாமுக்குச் சேலை, வேட்டி, அரிசிப் பை, கேக் என்று போகும். வேனில் பாடிக்கொண்டே போவோம். முகாம் வாசலில் பந்தல் இருக்கும். பெயர் வாசிக்க வாசிக்க ஒவ்வொருவராக வந்து வாங்கிக்கொள்வார்கள், ஃபோட்டோ எடுப்போம், இருட்டுவதற்குள் திரும்பிவிடுவோம். அந்தத் திட்டம் கையெழுத்தாவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். கமிட்டி மட்டும் கூடி முடிவெடுக்கிற காரியமாக எனக்கு இது தெரியவில்லை. அதனால்தான் சபையார் எல்லாரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

என் கோரிக்கை ஒன்றுதான். முகாமிலிருந்து நம் ஆலயத்துக்கு வருகிற குடும்பங்களை, விரும்புகிற எல்லாரையும், முழு உரிமையுள்ள அங்கத்தினர்களாகச் சபைப் பதிவேட்டில் எழுத வேண்டும். அங்கத்துவச் சந்தாவான சங்கக் காணிக்கையை வாங்க வேண்டும், வாக்காளர் பட்டியலில் சேர்க்க வேண்டும், கமிட்டித் தேர்தலில் நிற்க விட வேண்டும். உதவி, ஊழியம் என்று நாம் பேசுவதெல்லாம் அதற்கு அப்புறம்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்பவர்களுக்கு, நம் கல்லறைத் தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஞாயிறு முதல் ஆராதனைக்கு வந்து பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் உட்காருவார்களே, முகாம் அம்மா ஒருவர், பலருக்கும் நினைவிருக்கும். 1990-ல் கைக்குழந்தையோடு படகில் வந்தவர். மாதம் தவறாமல் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டவர். பெண்கள் சங்கம் பலகாரம் சுட்டு விற்கும்போதெல்லாம் விடிய விடிய மாவு பிசைந்தவர். அவர் இறந்தபோது மகன் ஆலய அலுவலகத்துக்கு வந்தான். பதிவேட்டில் பெயர் இல்லை, நிரந்தர முகவரி இல்லாததால் பெயர் ஏற்றவில்லை, ஆகவே வெளியார் கட்டணம் என்றார்கள். பெயிண்டிங் வேலைக்குப் போகிற பையன் அவன். முகாமில் கைமாற்றாக வாங்கி, அன்று சாயங்காலமே கொண்டுவந்து கட்டினான். எந்த இடத்திலும் குரல் உயர்த்தவில்லை. அலுவலகத்தில் இருந்தவர்கள் விதிப்படிதான் நடந்தார்கள், அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அந்த விதியின்மேல்தான் வருத்தம். முப்பது வருடத்துக்கு மேல் நம்மோடு திருவிருந்து எடுத்த ஒருவரைச் சாகும் நாளில் வெளியார் என்று ரசீது போட வைத்த விதி அது. அந்த ரசீதை நான் பார்த்தேன். ஒவ்வொரு டிசம்பரிலும் அவருக்கு நாம் கொடுத்த சேலையெல்லாம் சேர்ந்தாலும் அந்த ரசீதுக்கு ஈடாகாது.

நிரந்தர முகவரி என்கிறோம். இலங்கையில் நடந்த 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அங்கிருந்து தமிழர்கள் தமிழ்நாட்டுக்கு வரத் தொடங்கினார்கள். அப்புறம் 1990-ல் போர் மீண்டும் மூண்டபோது, 1995-க்குப் பிறகு, 2006-க்குப் பிறகு என்று அலை அலையாக வந்தார்கள். மொத்தம் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். திரும்பிப் போனவர்களும் வெளிநாடு சென்றவர்களும் போக, இன்னும் சுமார் 58,000 பேர் நூற்றுச்சொச்சம் முகாம்களில் இருக்கிறார்கள். முகாமுக்கு வெளியே, காவல்துறையில் பதிவு செய்துகொண்டு வாழ்பவர்கள் வேறு. முகாமில் பிறந்த பிள்ளைகளுக்கு அங்கேயே பிள்ளை பிறந்துவிட்டது. நம் சபையில் வங்கி வேலை, ஆசிரியர் வேலை என்று வந்து, மூன்று வருடத்தில் மாற்றலாகிப் போகிறவர்களைச் சந்தா வாங்கி உடனே சேர்த்துக்கொள்கிறோம். முப்பது வருடமாக ஒரே கதவு எண்ணில் இருப்பவர்களுக்கு நிரந்தர முகவரி இல்லை என்கிறோம்.

இன்னொன்றையும் கமிட்டி யோசிக்க வேண்டும். தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27-ல் சென்னை ஜார்ஜ் பேராலயத்தில் உருவானபோது யாழ்ப்பாணமும் அதில் ஒரு பேராயமாக, அதாவது ஒரு பேராயரின் கீழ் இயங்கும் மண்டலமாக, சேர்ந்தது. சபாபதி குலேந்திரன் ஐயா அதன் முதல் பேராயர். அமெரிக்க மிஷனரிகள் 1816-லிருந்து வட்டுக்கோட்டை, உடுவில் என்று வளர்த்த சபைகள் அவை. பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் திருச்சபை ஒன்றுதான். உடுவிலில் திடப்படுத்தல் பெற்று, திருவிருந்து எடுக்கிற அங்கத்தினரான ஒருவர் நம் ஆலயத்துக்கு வந்தால், நாகர்கோவிலிலிருந்து வந்தவரைப் போலவே அவர் ஏற்கெனவே நம் திருச்சபைக்காரர். அவருக்கு நாம் உபகாரமாக இடம் கொடுப்பதாக நினைப்பதே தப்பு. குண்டு விழுந்த ஊரிலிருந்து ஞானஸ்நானச் சான்றிதழை எடுத்துக்கொண்டு ஓடிவர முடியாதவர்களுக்கு, முகாமில் உள்ள இரண்டு மூத்தவர்களின் சாட்சி போதும் என்று கமிட்டி முடிவெடுக்கலாம். இதற்கெல்லாம் பெரிய சட்டம் ஒன்றும் வேண்டாம்.

நம் மாவட்டத்துச் சபைகளுக்கு இது வேறு யாரையும்விட நன்றாகப் புரிய வேண்டும். முதலூர் எப்படி வந்தது? கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டதற்காக ஊரில் இருக்க முடியாமல் போனவர்களுக்கு ஒதுங்க ஓர் இடம் வேண்டும் என்று தாவீது சுந்தரானந்தம் 1799-ல் உண்டாக்கிய ஊர் அது. அதற்கு அப்புறம் மிஷனரி ரேனியஸ் ஐயர் 1830-ல் தர்ம சங்கம் தொடங்கினார். துன்புறுத்தப்பட்ட கிறிஸ்தவர்களைக் குடியேற்ற நிலம் வாங்குவதுதான் அதன் வேலை. தர்ம சங்கம் சேலை கொடுக்கவில்லை, நிலம் கொடுத்தது. கிணறும், தெருவும், பள்ளிக்கூடமும், ஆலயமும் உள்ள ஊர்களில் ஓடி வந்தவர்களை ஊர்க்காரர்களாக ஆக்கியது. நம்மில் பலருடைய குடும்பங்கள் இன்று நிமிர்ந்து நிற்பது அந்த நிலத்தின்மேல்தான்.

இலங்கையின் மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து வந்த மலையகத்துக்காரர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் சபையில் பலர் முகாமில் உள்ள எல்லாரையும் யாழ்ப்பாணத்துக்காரர் என்றே நினைக்கிறார்கள். இல்லை. தமிழ்நாட்டிலிருந்து தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கு வெள்ளைக்காரன் கூட்டிப்போன தொழிலாளிகளின் பேரப்பிள்ளைகளும் முகாம்களில் நிறைய இருக்கிறார்கள். 1948-ல் இலங்கை அவர்களுடைய குடியுரிமையைப் பறித்தது. 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்திட்டு, 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும் என்று பங்கு போட்டார்கள். இடையில் கலவரங்கள் வந்தன. தோட்டத்தை விட்டு வவுனியா பக்கம் ஓடினார்கள், அங்கிருந்து இங்கே வந்தார்கள். தாத்தா பிறந்த மண்ணுக்கே அகதியாக வந்தவர்கள் இவர்கள். அந்தத் தோட்டங்களில் 1854-ல் சர்ச் மிஷன் சங்கம் ஊழியம் தொடங்கியபோது, வேலை செய்ய அனுப்பப்பட்டவர்கள் நம் திருநெல்வேலி உபதேசியார்கள். பனிமலையில் ஏறிப்போய், லயன் வீடு லயன் வீடாக, அதாவது தொழிலாளிகள் குடியிருந்த வரிசை வீடுகளில், ஜெபம் பண்ணினார்கள். அங்கே நம் உபதேசியார்கள் சேர்த்த சபையின் வம்சம் நம் ஆலயத்துக்குப் பக்கத்திலேயே வந்து குடியிருக்கிறது. அவர்களைக் கடைசி வரிசையில் உட்கார வைத்திருக்கிறோம்.

சரி, பதிவேட்டில் சேர்த்தாயிற்று என்றால், சமூக ஊழியத்துப் பணத்தை என்ன செய்வது?

முகாமில் போய்க் கேட்டால் அவர்களே சொல்வார்கள். போன முறை சேலை கொடுத்துக்கொண்டிருந்தபோது ஓர் அக்கா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "சீலை இருக்குது தம்பி. பிள்ளைக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட ஒரு வழி இருந்தாச் சொல்லுங்கோ." அவர் சொன்னதைக் கமிட்டியின் காதில் போடுவது என் கடமை என்று நினைக்கிறேன்.

அரசு செய்கிறது, செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் 317 கோடி ரூபாய்க்குத் திட்டம் அறிவித்தார்கள். 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவதாகச் சொன்னார்கள். அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். பணக்கொடையை உயர்த்தினார்கள்: குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500. பத்துக்குப் பத்து அறையில், தார் ஷீட்டின் கீழ் வெந்துகொண்டிருந்தவர்களுக்கு அந்த வீடுகள் பெரிய காரியம். ஆனால் அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணை நர்சிங் படிக்க வைக்க முடியுமா? பஸ் பாஸ், ஹாஸ்டல், சீருடை, தேர்வுக் கட்டணம் என்று ஒவ்வொன்றும் ஒரு மலை. அரசு உதவித்தொகை வந்தாலும் கல்லூரி கேட்கிற தேதிக்கு வராது. அந்த இடைவெளியில்தான் பிள்ளைகள் படிப்பை விட்டுவிட்டு அப்பாவோடு பெயிண்டிங் வேலைக்குப் போகிறார்கள். முகாம் ஆண்களில் எத்தனை பேர் பிரஷ் பிடிக்கிறார்கள் என்று பாருங்கள், இன்ஜினியரிங் முடித்தவன்கூட. அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது, தனியார் கம்பெனியும் ஆவணம் கேட்கும். கல்லூரிக் கட்டணத் தேதிக்கு முன்பணமாகக் கொடுத்து, உதவித்தொகை வந்ததும் திரும்ப வாங்கிக்கொள்கிற ஒரு சுழல்நிதியை நம் சபை வைத்தால் போதும். அதே பணம் திரும்பத் திரும்ப வேலை செய்யும்.

அடுத்து, காகிதம். எனக்கு இதுதான் மனசில் நிற்கிறது. இந்தியா 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திட்ட நாடு இல்லை. 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்களுக்கு மட்டும். அந்த நாடுகளின் கிறிஸ்தவர்களுக்கும் இந்துக்களுக்கும் அதில் இடம் இருக்கிறது, இலங்கைத் தமிழருக்கு இல்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஓர் ஆணை போட்டது. 2015 ஜனவரி 9 வரைக்கும் இங்கே தஞ்சம் புகுந்து பதிவு செய்திருக்கிற இலங்கைத் தமிழர்கள், பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டிக்கப்பட மாட்டார்கள். நல்ல ஆறுதல்தான். ஆனால் அது குடியுரிமை இல்லை.

இந்த நிலையிலும் சட்டத்தில் சில கதவுகள் திறந்திருக்கின்றன, முகாமில் பலருக்கு அது தெரியாது. 1987 ஜூலை 1-க்கு முன்னால் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன். 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் இதைக் காட்டி நீதிமன்றம் போனார். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022-ல் அவருக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொன்னது. 2024 மக்களவைத் தேர்தலில் திருச்சியில் முதல்முறையாக ஓட்டுப் போட்டார். அதேபோல, 1987 ஜூலை 1-லிருந்து 2004 டிசம்பர் 3-க்கு முன்பு வரை இங்கே பிறந்தவர்களுக்கு, அப்பா அம்மா இருவரில் ஒருவர் இந்தியராக இருந்தாலே போதும். முகாம் பெண்ணும் நம் ஊர்ப் பையனும் கல்யாணம் செய்த குடும்பங்கள் எத்தனை இருக்கின்றன! 2019-ல் திருச்சி முகாம்களைச் சேர்ந்த மலையகத் தமிழர் 65 பேர் தொடுத்த வழக்கில், அவர்களுடைய குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்கச் சொல்லி மதுரைக் கிளை உத்தரவிட்டது.

நம் சபையில் வக்கீல்கள் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற தாசில்தார் இருக்கிறார். பிறப்புப் பதிவு, தாமதப் பதிவு, கோட்டாட்சியர் உத்தரவு என்று எந்த மேசைக்கு எந்தத் தாள் போக வேண்டும் என்று நாற்பது வருடம் பார்த்தவர் அவர். மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஆலய ஹாலில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தால், ஒரு வருடத்தில் எத்தனை குடும்பங்களின் கோப்பை ஒழுங்குபடுத்திவிடலாம். ஹால் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. முகாமுக்குள்ளே போய் எதையும் நடத்த மறுவாழ்வுத் துறையிலும் மாவட்ட நிர்வாகத்திலும் அனுமதி வாங்க வேண்டும், அது வருவதற்குள் ஆர்வம் வடிந்துவிடும். அவர்கள் ஆலயத்துக்கு வருவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஒரே ஒரு வேண்டுகோள், முகாமில் அதிகாரிகள் ஆள் எண்ணுகிற செக்கிங் நாளில் வைக்காதீர்கள். தலை எண்ணிக்கையில் ஆள் இல்லையென்றால் பணக்கொடை நிற்கும். போன வருடம் கன்வென்ஷன் கூட்டத்துக்கு முகாம் ஆட்கள் வரவில்லை என்று குறைபட்டுக்கொண்டோம். அன்றைக்குச் செக்கிங்.

இதில் எல்லாவற்றையும் நாமே புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இலங்கைத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகன் சந்திரஹாசன் 1984-ல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இருக்கிறது, அகதிகளே அகதிகளுக்காக நடத்துவது. கத்தோலிக்கச் சகோதரர்கள் பக்கம் இயேசு சபையாரின் அகதிகள் பணி, முகாம்களில் மாலை நேர வகுப்புகளை நெடுங்காலமாக நடத்துகிறது. அவர்களிடம் போய், "என்ன குறைகிறது, நாங்கள் எதைச் செய்யட்டும்?" என்று கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். சபை வேறு என்பதற்காகத் தயங்க வேண்டாம்.

மாலை வகுப்பு என்றதும் காலனியும் ஞாபகத்துக்கு வருகிறது. முகாமுக்குப் பின்னால் இருக்கிற தூய்மைப் பணியாளர் காலனியைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. அங்கே அம்மாக்கள் பீடி சுற்றுகிறார்கள், பிள்ளைகள் இலை வெட்டிக் கொடுக்கிறார்கள். நம் வேன் காலனி வழியாகத்தான் முகாமுக்குப் போகிறது, அங்கே ஒருமுறைகூட நின்றதில்லை. "சிலோன்காரங்களுக்கு மட்டும் எல்லாம் கிடைக்குது, நாங்க மனுசங்க இல்லையா?" என்று அங்கே பேசுகிறார்கள். அந்தப் பேச்சில் நம் பங்கும் இருக்கிறது. ஆகவே சபைப் பள்ளியில் மாலை வகுப்பு நடத்தினால் முகாம் பிள்ளைகளும் காலனிப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும். நான்கரை மணிக்குப் பூட்டுகிற வகுப்பறைகள் நம்மிடம் உள்ளன. அவற்றில் விளக்கும் மின்விசிறியும் இருக்கின்றன. படித்துச் சொல்லிக்கொடுக்க முகாமிலேயே பட்டதாரிகள் இருக்கிறார்கள், பெயிண்ட் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு வருவார்கள். சம்பளம் கொடுத்துக் கூப்பிடுங்கள், இலவச ஊழியமாகக் கேட்காதீர்கள்.

முகாமில் பெரும்பாலோர் இந்துக்கள், காலனியிலும் அப்படித்தான். கட்டணம் கட்டுவதற்கும், கோப்பைச் சரிசெய்வதற்கும், பாடம் சொல்லிக்கொடுப்பதற்கும் ஞானஸ்நானத்துக்கும் எந்த முடிச்சும் இருக்கக்கூடாது. இயேசு சொன்ன கதையில் நல்ல சமாரியன், வழியில் காயப்பட்டுக் கிடந்தவனிடம் நீ எந்த ஆலயத்துக்குப் போகிறாய் என்று கேட்கவில்லை. சத்திரக்காரனிடம் பணத்தைக் கொடுத்து, மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொல்லிப் போனான். இதை நோட்டீஸில் போட வேண்டாம், ஆனால் கமிட்டித் தீர்மானத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிறகு வருகிறவர்கள் மாற்றிவிடுவார்கள்.

சில பெரியவர்கள் கவலைப்படுவது எனக்குத் தெரியும். முகாம்காரர்களைச் சேர்த்தால் காவல்துறையின் உளவுப் பிரிவான கியூ பிராஞ்ச் நம்மை விசாரிக்கும் என்கிறார்கள். பதிவு செய்யப்பட்ட முகாமில், தினமும் அரசாங்கத்தின் கண்முன் வாழ்பவர்களை ஆலயப் பதிவேட்டில் எழுதுவதில் மறைக்க என்ன இருக்கிறது? இரண்டாவது, அவர்கள் ஊருக்குத் திரும்பிப் போய்விடுவார்களே என்கிறார்கள். சிலர் போவார்கள், போகட்டும், ஜெபம் பண்ணி அனுப்பிவைப்போம். துபாய்க்குப் போகிற நம் பிள்ளைகளின் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிட்டோமா? மூன்றாவது காரணத்தை யாரும் வெளிப்படையாகச் சொல்ல மாட்டார்கள். வாக்காளர் பட்டியலில் ஒரே நேரத்தில் இத்தனை பேர் சேர்ந்தால் கமிட்டித் தேர்தல் கணக்கு மாறிவிடும் என்பது அது. மாறட்டும் என்பதே என் பதில்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தண்ணீர் வடிந்த பிறகு நம் ஆலயத்துக்குள் முழங்கால் உயரத்துக்குச் சேறு. அதை வழித்துத் தள்ள முதலில் வந்தவர்கள் முகாம் பையன்கள். பலிபீடத்துக் கம்பளத்தைத் தோளில் தூக்கிப்போய் அலசிக் காயப்போட்டார்கள். மூன்று மாதம் கழித்துச் சுற்றுச்சுவருக்கு வெள்ளையடித்தவர்களும் அவர்களே, கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த வருடத்துப் பிரதிஷ்டைப் பண்டிகை அறிக்கையில் நன்றி சொன்னவர்களின் பட்டியல் ஒரு பக்கத்துக்கு இருந்தது. அதில் இவர்கள் இல்லை. விட்டுப்போனது வேண்டுமென்று நடந்ததாக நான் நினைக்கவில்லை. பதிவேட்டில் இல்லாத பெயர் எந்தப் பட்டியலிலும் வராது, அவ்வளவுதான்.

வரும் பொதுக்கூட்டத்துக்காகத் தீர்மான வரைவை எழுதிச் செயலரிடம் கொடுத்திருக்கிறேன். முதல் பத்தி அங்கத்துவத்தைப் பற்றியது. முகாம் பதிவு அட்டையையே முகவரிச் சான்றாக ஏற்பது, ஞானஸ்நானச் சான்று இல்லாதவர்களுக்கு மூத்தவர்கள் இருவரின் சாட்சி, மற்றவர்களுக்கு உள்ள அதே சங்கக் காணிக்கை. இரண்டாவது பத்தி கல்லறைத் தோட்டத்தைப் பற்றியது. முகாமிலிருந்து ஆராதனைக்கு வந்த எவருக்கும் வெளியார் கட்டணம் கிடையாது, ஏற்கெனவே வாங்கியதைக் குடும்பத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மூன்றாவது பத்தி, டிசம்பர் அன்பளிப்புத் தொகையைக் கல்விச் சுழல்நிதிக்கும் ஆவண உதவி மேசைக்கும் மாலை வகுப்புக்கும் மாற்றுவது பற்றியது. கிறிஸ்மஸுக்கு முகாமுக்குப் பாடப் போவதை நிறுத்தச் சொல்லவில்லை. அங்கே போய்ப் பாடுவோம், அவர்கள் வீட்டில் உட்கார்ந்து தேநீர் குடிப்போம், அவர்களையும் நம் வீடுகளுக்குப் பாட அழைப்போம்.

தீர்மானத்தை வழிமொழிய ஆள் தேவை. முன்வருகிறவர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் செயலரிடம் பெயர் கொடுத்தால் போதும். கூட்டத்துக்கு முகாம் குடும்பங்களையும் பார்வையாளர்களாக அழைக்க அனுமதி கேட்டிருக்கிறேன், சேகரகுரு ஐயா அதற்குச் சம்மதம் தர வேண்டும்.

கர்த்தருடைய ஊழியத்தில்,
உங்கள் சபை அங்கத்தினன் ஒருவன்